புதுப்பிப்பு: பழைய காளானிலிருந்து வித்து எடுத்தேன்

கடையில் வாங்கிய உலர்ந்த ஷிடாக்கே காளானிலிருந்தோ, ஃபிரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த சிப்பிக் காளானிலிருந்தோ வீட்டில் வித்து (விதை மாதிரி போட்டு வளர்க்கும் காளான் இழை) எடுக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன்.

ஷிடாக்கே சரிவரவில்லை. சூட்டில் உலர்த்தும்போதே இழைகள் செத்துவிடுகின்றன. ஐந்தாம் நாள் பச்சைப் பூஞ்சணம்தான் வந்தது.

சிப்பிக் காளான் அப்படியில்லை! காம்படியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்ததைக் கெட்டுப்போனது என்று நினைத்தேன். அது காளானின் சொந்த இழை, உயிரோடு மறுபடி வளர்கிறது. (நாற்றமோ பிசுபிசுப்போ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.) அடிக்காம்பைச் சிறிது சிறிதாகக் கிழித்தேன். பெட்டி அட்டையைக் கொதிநீரில் ஊறவைத்து, ஆறியதும் பிழிந்து, அடுக்குகளுக்கு நடுவே வைத்தேன். டப்பா மூடியை இறுக்கவில்லை, இழைக்கும் காற்று வேண்டும். 10 நாளில் அட்டை முழுக்க வெள்ளை.

அப்புறம் ரப்பர் மரத்தூளோடு கொஞ்சம் அரிசித் தவிடும் சுண்ணாம்பும் கலந்து, ஆவியில் வேகவைத்து ஆறவிட்டு, இழை படர்ந்த அட்டையைச் சேர்த்து மூன்று பை போட்டேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாட்களில், மழை விட்டதும் பட்ட ரப்பர் மரத்திலிருந்து காளான் பறித்து வருவார். அதே மரம் இப்போது தூளாக என் பையில்.

இழை பாதிப் பை வரை இறங்கியிருக்கிறது. மொட்டு விட்டதும் எழுதுகிறேன்.