லான்செஸ்டர் துவக்கில் முதலில் ஒன்று, பிறகு இரண்டு ரவை மட்டும் போட்டுச் சுடுவது ஏன்?

கொக்குவில் பட்டறைக்காரன்:
வணக்கம். கொக்குவிலில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினான். அவனோடு வேலை செய்பவர் பழைய லான்செஸ்டர் சப்மெஷின் துவக்கு (விசையை அமத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடும் வகை) ஒன்றை வாங்கி முதன்முறையாகச் சுட்டுப் பார்க்கிறார். இந்த வகைத் துவக்குகளில் 1986 மே மாதத்துக்கு முன் பதிவானவை மட்டும்தான் அங்கே தனியார் கைக்கு வருமாம்.

துவக்கு என்றாலே இங்கே பலருக்கு மனம் கலங்கும், எனக்கும்தான். பக்கத்து அறையில் அம்மா இருந்தா, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ஆனால் ரவைக்கூடு செருகும் இடம் முழுப் பித்தளை என்று கண்டதும் வீடியோவை நிறுத்திப் பெரிதாக்கினேன். விளிம்பில் அரம் ஓடின கோடு இன்னும் தெரிகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுகிற காலத்திலும் ஒரு தொழிலாளி நின்று அந்த மூலையை மழுக்கியிருக்கிறான்.

என் கேள்வி இதுதான். 50 ரவை கொள்ளும் கூட்டில் அவர் ஒன்றே ஒன்று போட்டார். அடுத்து இரண்டு. ஒவ்வொரு முறையும் கோதை, அதாவது வெடித்த ரவையின் வெறும் உறையை, பொறுக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை மணித்தியாலம் கழித்துத்தான் ஐந்து. ஏன் இவ்வளவு நிதானம்?

இணுவிலான்:
அண்ணை, கனடாவில் பழந்துவக்கு திருத்தும் பட்டறையில் பதினொரு வருசம் நின்றவன் நான். அவர் செய்தது மிகச் சரி.

இதில் போல்ட் என்கிற இரும்புக் கட்டை பின்னால் இழுபட்டு நிற்கும். விசையை அமத்த, அது முன்னுக்கு ஓடி, ரவையைக் குழலுக்குள் தள்ளி, அதே வேகத்தில் வெடிக்க வைக்கும். வெடித்த வேகத்தில் திரும்பிப் பின்னால் வரும் போல்ட்டைப் பிடித்து வைப்பது சியர் என்கிற சின்னக் கொளுக்கி. எண்பது வருசத்தில் அதன் முனை தேய்ந்திருந்தால், விரலை எடுத்தாலும் போல்ட் நிற்காது. நிமிடத்துக்கு 600 என்ற கணக்கில் 50 ரவையும் ஐந்து செக்கனில் போய்விடும். அதற்குள் ஆள் பதறித் திரும்பினால் பக்கத்தில் நிற்பவன் கதி என்ன? இரண்டு மட்டும் போட்டால் ஆபத்தும் இரண்டோடு முடியும். ஒன்று போடுவது குழலையும் கோதையும் பார்க்க, இரண்டு போடுவது அந்தக் கொளுக்கியைப் பார்க்க.

கோதில் வயிறு ஊதியிருக்கிறதா, வெடிப்பு ஓடியிருக்கிறதா, ஊசி குத்தின தடம் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்போம். போல்ட்டை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங்கும் முக்கியம். இறைப்பு மிசினில் வால்வு ஸ்பிரிங் சோர்ந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே ஸ்பிரிங் சோர்ந்தால் போல்ட் பின்னால் போய் ஓங்கி மோதும்.

திருமலைப் பேரன்:
பித்தளைக்கு ஒரு கதை உண்டு. பிரான்சின் டன்கேர்க் துறைமுகத்திலிருந்து பின்வாங்கிய பிறகு, 1940 இல், பிரித்தானியர் அவசரத்தில் ஜெர்மன்காரரின் எம்பி 28 என்ற சப்மெஷின் துவக்கைப் படியெடுத்தார்கள். ஜோர்ஜ் லான்செஸ்டர் அதைத் தயாரிப்புக்கு ஏற்றபடி வடிவமைத்தார், இங்கிலாந்தின் டகன்ஹாமில் ஸ்டெர்லிங் கொம்பனி செய்தது. பிடி, பிரித்தானியப் படையின் வழக்கமான லீ என்ஃபீல்ட் துவக்கின் மரப்பிடி மாதிரி, முன்னால் பயனெற் என்ற குத்துக்கத்தியும் மாட்டலாம். நாலு கிலோவுக்கு மேல் பாரம். 1941 இல் மலிவான ஸ்டென் என்ற சப்மெஷின் துவக்கு வந்ததும் தரைப்படை அந்தப் பக்கம் போக, லான்செஸ்டர் பெரும்பாலும் கடற்படைக்கே போனது. உப்புக்காற்றில் துருப்பிடிக்காத உலோகம் அங்கேதான் பொருத்தம்.

1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளம். அங்கே துறைமுகத்தில் வேலை செய்த என் அப்பப்பா "பித்தளைக் கழுத்துத் துவக்கு" என்று ஒன்றைச் சொல்லுவார். மாலுமிகள் அதைத் துணியால் தேய்த்து மினுக்கிக்கொண்டே இருப்பார்களாம். அவர் கண்டது இதுதான் என்று நினைக்கிறேன்.

கொக்குவில் பட்டறைக்காரன்:
இருவருக்கும் நன்றி. இணுவிலான் தம்பி சொன்னதை மருமகனுக்கு அனுப்பினேன். இன்று பதில் வந்தது. இரண்டு ரவைக்கும் கொளுக்கி ஒழுங்காகப் பிடித்ததாம், ஆனால் ஸ்பிரிங் நீளம் குறைந்துவிட்டதால் புதிது போட்டுவிட்டார். பழையதை எண்ணெய் பூசித் துணியில் சுற்றி, துவக்கோடு அதே பெட்டியில் வைத்திருக்கிறாராம். மற்ற உறுப்பு ஒன்றையும் அரத்தால் தொடவில்லை. அந்தப் பித்தளை மூலையைக் கிட்ட வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்தால் இங்கே போடுகிறேன்.