பேட்டரி மாற்றியும் சார்ஜ் ஏறாத கார்கள்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

கோவை டீசல்

எங்கள் வீட்டு டீசல் ஹேட்ச்பேக் 2013 மாடல். இரவில் ஏசி போட்டால் ஹெட்லைட் மங்கும். காலையில் செல்ஃப் மோட்டார் முக்கி முனகிச் சுற்றும். பேட்டரி என்றார்கள், மாற்றினோம். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் என்றார்கள், கழற்றிக் கார்பனும் பேரிங்கும் புதிதாகப் போட்டார்கள். சில வாரங்களில் பழையபடி ஆனது. அடுத்து, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்று ஆரம்பித்தபோது, என் மச்சான் மல்டிமீட்டரோடு வந்து சேர்ந்தார். அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். கார் வேலை அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் வோல்ட் எங்கே காணாமல் போகிறது என்று தேடத் தெரிந்தவர்.

எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். லோடு இல்லாமல் அளந்தால் கெட்டுப்போன வயரும் நல்ல பிள்ளையாக நடிக்கும் என்பது அவர் கட்சி. பேட்டரி முனைகளில் 13.1 வோல்ட். ஆல்டர்னேட்டரின் பின்பக்கத் தடித்த வயர் போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையே 14.3. ஆக, ஆல்டர்னேட்டர் ஒழுங்காகவே உழைக்கிறது. வழியில் 1.2 வோல்ட்டை யாரோ தின்கிறார்கள்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தார்: 0.1. ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வைத்தார்: 1.1. நல்ல நிலையில் உள்ள எர்த் பாதையில், அதாவது கரண்ட் மைனஸுக்குத் திரும்பும் வழியில், இந்த அளவு 0.2க்குள் இருக்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் பாடிக்கும் உள்ள மின் தொடர்பு எர்த் பட்டையை நம்பித்தான் இருக்கிறது. எங்கள் காரில் அந்தப் பட்டை கியர்பாக்ஸ் பக்கம் பச்சைக் களிம்பு பிடித்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. புதுப் பட்டை வாங்கி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினோம். அதே லோடில் பேட்டரியில் 14.1.

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பில் போட ஏற்ற சாமான்கள். வயரைச் சுரண்டியதற்கு எவர் பில் போடுவார்? அதனால்தான் அதை யாரும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன்.

பழைய எலக்ட்ரீஷியன், பொள்ளாச்சி

தம்பி எழுதியது சரி. எர்த் கெட்ட வண்டிகளில் ஆக்சிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ சுடும், சில சமயம் புகையும். செல்ஃப் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடி அதில் ஓடுவதால் வரும் சூடு அது. கேபிளை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கடைக்கு வந்த ஒரு டூரிஸ்ட் வண்டியைச் சொல்கிறேன். காலையில் புறப்படும்போது சார்ஜ் ஏறாது, மலையேறி எஞ்சினை முறுக்கியதும் ஏற ஆரம்பித்துவிடும். டிரைவர் மந்திரமோ மாயமோ என்று குழம்பிப்போயிருந்தார். நான் சாவியைப் போட்டுப் பார்த்தேன். மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு எரியவே இல்லை. ஓடும்போது எரிந்தால் எல்லோரும் பதறுகிறார்கள், சாவி போட்டதும் எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், அந்தச் சின்ன பல்பு வழியாகத்தான் உள்ளே சுழலும் மின்காந்தமான ரோட்டருக்கு முதல் கரண்ட் போகும். பல்பு போய்விட்டால், ரோட்டரில் மிச்சமிருக்கும் காந்த சக்தியை நம்பி, வேகம் கூடிய பிறகே அது விழித்துக்கொள்ளும். மீட்டர் போர்டைப் பழுது பார்த்த இடத்தில் பல்பை மாட்டாமல் விட்டிருந்தார்கள். ஒரு பல்பு, வேலை முடிந்தது.

அந்த விளக்கு மங்கலாக, விட்டும் விடாமலும் எரிந்தால், ஆல்டர்னேட்டரின் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடு பிளேட்டைச் சந்தேகியுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரியில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட் என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைனமோ வைத்த பழைய அம்பாசிடரோடு போக வேண்டிய பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால் வோல்ட் எகிறும், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியு கருகலாம். உங்கள் காரில் எவராவது அப்படிக் கை வைத்தால் மரியாதை பார்க்காமல் தடுத்துவிடுங்கள்.

தாம்பரம் பெட்ரோல்

மேலே சொன்ன வோல்ட் கணக்குகளைப் புது வண்டிக்கு அப்படியே பொருத்த வேண்டாம். என் கார் பிஎஸ்6. எஞ்சின் ஓடும்போது 12.7 காட்டியது. பார்த்த கடைக்காரர் ஆல்டர்னேட்டரே மாற்ற வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் எனக்கு வேறொருவரிடம் கேட்கத் தோன்றியது. அந்த இரண்டாமவர் ஹெட்லைட்டைப் போட்டார், 14.3க்கு ஏறியது. அவ்வளவுதான் சோதனை. இப்போதைய கார்கள் பலவற்றில் எவ்வளவு சார்ஜ் கொடுப்பது என்பதை ஈசியு முடிவு செய்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமென்றே குறைக்கும். பிரேக் போடும்போது ஏற்றிக்கொள்ளும்.

மைனஸ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வெளிச் சார்ஜரின் கறுப்பு கிளிப்பை அந்த முனையில் மாட்டாமல், எஞ்சினிலோ பாடி எர்த்திலோ மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஏறிய சார்ஜ் அந்த சென்சாரின் கணக்கில் வராது.

மழைக்காலத்து மாருதி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். மழையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று அலறல், கூடவே பேட்டரி விளக்கு. ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருந்தது. புதிது போட்டு இழுவையைச் சரி செய்ததும் இரண்டும் நின்றன. அலறல் கேட்டால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

மதுரை வார இறுதி

என் காரில் சார்ஜிங் குற்றமற்றது. ஓடும்போது 14.2, அணைத்து இரவு விட்டால் காலையில் 12.6. ஆனால் நான்கு நாள் எடுக்காமல் வைத்தால் பிணம். 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்தேன். கதவு திறந்திருந்தால் உள்ளே உள்ள கருவிகள் தூங்காது. அதனால் கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, மூடியது போல ஏமாற்றி, அரை மணி நேரம் காத்திருந்தேன். 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்க வேண்டியது 380இல் நின்றது. அதாவது ஒரு நாளைக்கு 9 ஆம்பியர்-மணி. நான்கு நாளில் பேட்டரி காலி, கணக்கு அச்சாகப் பொருந்தியது.

ஃபியூஸைப் பிடுங்கினால் தூங்கியவை மறுபடி விழித்துக்கொள்ளும். எனவே பிடுங்காமல், ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் பார்த்தேன்; கரண்ட் ஓடும் ஃபியூஸில்தான் அளவு காட்டும். ஆடியோ ஃபியூஸில் மட்டும் அளவு இருந்தது. வெளியில் வாங்கிப் போட்ட டச்ஸ்கிரீன் அது. நினைவைக் காக்கும் மஞ்சள் வயரையும், சாவியோடு உயிர்பெற வேண்டிய சிவப்பு வயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டிருந்தார்கள். திரை கறுத்துக் கிடந்தது, உள்ளே இரவும் பகலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

கோவை டீசல்

மதுரை அண்ணா, மீட்டரை ஆம்பியரில் வைத்தபடி யாராவது சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தால் என்ன ஆகும்?

மதுரை வார இறுதி

10 ஆம்பியர் தாங்கும் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் நான் அளந்தேன். வீட்டில் பையன் இருக்கிறான்.