பிரமிடு நகரம்: பஞ்சம் தீர்ந்தது (புதுப்பிப்பு)

பழைய எகிப்தில் ஊர் கட்டி ஆளும் 'ஃபாரோ' கணினி விளையாட்டில் பிரமிடு கட்டும் நிலையில் மூன்றாவது வருடமே களஞ்சியம் காலியாகி ஊரே கிளம்பிப் போகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். நைல் வெள்ளத்தைத் தரும் கடவுள் ஒசைரிஸுக்குத் திருவிழா நடத்தச் சொன்னீர்கள். நடத்தினேன், வெள்ளம் நன்றாகத்தான் வந்தது. விளைச்சல் மட்டும் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது அப்பா. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி நெல் போடுகிறவர். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, நடவு நேரத்துல ஆளையெல்லாம் கல்லு இழுக்க விட்டா வயல்ல எவன் இறங்குவான்?" என்றார்.

அதேதான். வேலையாள் முகாமிலிருந்து வருகிறவர்கள்தான் வெள்ளச் சமவெளி வயலுக்கும் போக வேண்டும், பிரமிடு கல்லையும் இழுக்க வேண்டும். வண்டல் நிலத்தில் அறுவடையோ வருடத்துக்கு ஒன்றுதான், தவறினால் அடுத்த வெள்ளம் வரை பட்டினி. வயலோரமாக இன்னும் இரண்டு முகாம் போட்டேன். வயல்கள் தண்ணீருக்குள் கிடக்கும் மாதங்களில் அத்தனை பேரும் கல் இழுக்கிறார்கள்.

அப்புறம், குடியிருப்பு முனையில் ஒரு சாலைத்தடுப்பு. வீடு வீடாகச் சாப்பாடு கொடுக்கிற கடைக்காரி அதைத் தாண்டி இப்போது கல்குவாரிப் பக்கம் உலாத்தப் போவதில்லை.

பிரமிடு பாதி எழும்பிவிட்டது. அப்பா தினமும், "அறுப்பு ஆச்சா?" என்று கேட்கிறார்.