எக்ஸ்பிரஸ், சவானா, ஈ-சீரிஸ்: பழைய பெரிய வேன் இன்னும் ஏன் ஓடுது? (அனுபவப் பகிர்வு)

வயர்மேன்_ஹூஸ்டன்:
அமெரிக்காவில் எலக்ட்ரிக்கல், பிளம்பிங், ஏசி வேலைக்கு வேன் தேடுகிறவர்கள் கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். கையில் இருக்கிற காசுக்கு 2014 செவி எக்ஸ்பிரஸ் 2500-ஆ (1500, 2500, 3500 என்பது பாரம் தாங்குகிற தரம், எண் ஏற ஏறத் தாங்குவதும் ஏறும்), இல்லை 2016 ஃபோர்டு டிரான்சிட்டா? எக்ஸ்பிரஸும் அதன் இரட்டையான ஜிஎம்சி சவானாவும் 1996 மாடலாக வந்தவை. 2003-ல் முகமும் சேஸிஸும் மாறின, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. உடம்பு அதேதான். மிசௌரியின் வென்ட்ஸ்வில் ஆலையில் இத்தனை வருஷமாக அதே உடம்பைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் ஆள் வாங்குகிறான் என்றால் காரணம் இருக்கணும். சொந்தக் கதை வேண்டாம். எந்த பார்ட், எத்தனை மைலில், எதனால் போகிறது என்று மட்டும் போடுங்கள்.

தச்சன்:
ஷெல்ஃபிலிருந்து ஆரம்பிக்கிறேன், வேன் விலையைப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். உள்ளே சீட்டுக்கும் சரக்குக்கும் நடுவில் போடுகிற தடுப்பு, ரேக், டிராயர், மேலே ஏணி ரேக் எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரம் டாலர் ஆகும். எக்ஸ்பிரஸில் உடம்பு மாறாததால் பழைய 135 அங்குல வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் உள்ள நீளம்) வண்டியில் கழற்றினது புதுசிலும் உட்காரும். ஒன்று மட்டும் பார்க்கணும்: பக்கக் கதவு இரட்டைக் கதவா, ஸ்லைடிங்கா? வலப்பக்க ரேக்கின் நீளம் அதைப் பொறுத்தது.

சக்கர மேடுகளுக்கு நடுவில் 52 அங்குலத்துக்கு மேல் இடம். 4-க்கு 8 பிளைவுட் தரையில் படுத்துவிடும், கதவும் சாத்தும். 10 அடி காண்ட்யூட் (வயர் போகிற குழாய்) 135-ல் சீட்டை ஒட்டித்தான் போகும். தடுப்பு போடுகிறவர்கள் 155 எடுப்பது நல்லது, 20 அங்குலம் கூட.

ஸ்பேனர்செட்:
என்ஜினுக்கு வருவோம். 2014 வண்டியில் 6.0 லிட்டர் என்றால் எல்96 என்கிற என்ஜின். நேரடி இன்ஜெக்ஷன் கிடையாது, டர்போ கிடையாது, ஓடும்போது பாதி சிலிண்டரை அணைக்கிற ஏற்பாடும் கிடையாது. அதே காலத்து ஜிஎம் பிக்கப்களில் லிஃப்டர் (வால்வைத் தூக்கிவிடுகிற பார்ட்) போகிறது என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு அந்த அணைக்கிற ஏற்பாடுதான் முக்கியக் காரணம். வேனில் அது இல்லாததே பாதி நிம்மதி. ஆயில் 5டபிள்யூ-30, 6 குவார்ட். 2010-லிருந்து கியர்பாக்ஸ் 6எல்90. அதற்கு முந்தைய 2500, 3500-ல் 4எல்80இ, நாலே கியர், ஆனால் பாரம் தாங்கும். 1500 வண்டிகளில் வந்த 4எல்60இ வேறு விஷயம். 3-லிருந்து 4-க்குப் போகும்போது வழுக்கினால் உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.

இந்த என்ஜினில் கட்டாயம் பார்க்கவேண்டியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட், அதாவது புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தொகுதியை என்ஜின் ஹெட்டோடு பிடிக்கிற போல்ட். காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம், வண்டி சூடானதும் காணாமல் போகும். விற்கிறவர் "லிஃப்டர்தான், ஆயில் ஏறினா போயிடும்" என்பார். பெரும்பாலும் அது கடைசி போல்ட்டின் தலை முறிந்து புகை கசிகிற சத்தம். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் ஆளுக்கு ஒரு அளவு விரியும், ஆறும்போது ஆளுக்கு ஒரு அளவு சுருங்கும். அந்த இழுபறி முழுக்க இரண்டு ஓரத்து போல்ட்டுகள் மேல்தான் விழும். பின் ஓரத்துக்குக் காற்றும் போகாது, அதனால் முதலில் அதுதான் முறியும்.

பார்க்கிற முறை: வண்டியை முந்தின ராத்திரியே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வீலை ஒருபக்கம் முழுக்கத் திருப்பி, வீல் கிணற்றின் ரப்பர் மறைப்பை விலக்கி டார்ச் அடியுங்கள். போல்ட் தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை தெரிந்தாலோ, சுற்றிக் கரிப்பிடித்திருந்தாலோ அதுதான்.

சரிசெய்வது: எம்8 போல்ட், 1.25 பிட்ச் (மரை இடைவெளி). துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து நட்டுக்குள்ளேயே வெல்ட் அடியுங்கள். வெல்டின் சூடே துருவை விடுவிக்கும். லேசாக ஆறவிட்டு முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள், ஒரேயடியாக முறுக்கக்கூடாது. ஹெட்டுக்குள் மட்டமாக முறிந்திருந்தால் நடுப்புள்ளி அடித்து, இடதுகைச் சுற்று டிரில்லால் சின்ன அளவிலிருந்து ஏறுங்கள். பல நேரம் டிரில்லே துண்டைச் சுற்றிக் கொண்டுவந்துவிடும். எக்ஸ்ட்ராக்டரை (முறிந்த போல்ட்டைப் பிடித்து எடுக்கிற கருவி) உள்ளே முறித்துவிட்டால் தொலைந்தது, அந்த எஃகை சாதாரண டிரில் தொடாது. மாட்டும்போது புது கேஸ்கெட், புது போல்ட். நடுவிலிருந்து ஓரத்துக்கு முதல் சுற்று 11 அடி-பவுண்ட், இரண்டாம் சுற்று 18. ஹெட்டின் பக்கவாட்டு ஓட்டையில் மாட்டி மேனிஃபோல்டை அழுத்துகிற கிளாம்ப் கடையில் கிடைக்கிறது. துண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தால் அதுவே போதும், சத்தம் நிற்கும்.

ஸ்பார்க் பிளக் மாற்றுவது 1,00,000 மைலுக்கு ஒருமுறை. பின்பக்கப் பிளக்குகளுக்கு பானெட் வழியாகக் கை போகாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற என்ஜின் மூடியைக் கழற்றி கேபினுக்குள் உட்கார்ந்துதான் எடுக்கணும். மழைக்காலத்தில் இது ஒரு வசதிதான், சிரிக்காதீர்கள்.

கூரை_உயரம்:
எல்லாம் சரி அண்ணே. முதுகுக்கு யார் பதில் சொல்றது? எக்ஸ்பிரஸ் உள்ளே உயரம் நாலரை அடிதான். ஒரு நாளைக்கு 30 தடவை குனிஞ்சு ஏறி இறங்குற ஆளுக்கு டிரான்சிட் உயரக் கூரை 81 அங்குலத்துக்கு மேல, நிமிர்ந்து நடக்கலாம். ராம் புரோமாஸ்டர் முன்சக்கர இழுவை, அடியில டிரைவ்ஷாஃப்ட் இல்லாததால தரை 21 அங்குலத்துல வந்து நிக்குது. ஏசி கம்ப்ரசரைத் தூக்கி வைக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

பெட்ரோல் கணக்கும் பாருங்க. ஊருக்குள்ள 6.0 கேலனுக்கு 13 மைல்னு வெச்சுக்கோங்க, டிரான்சிட் வி6-க்கு 16. வருஷம் 15,000 மைல்னா எக்ஸ்பிரஸுக்கு 1,154 கேலன், டிரான்சிட்டுக்கு 938. 216 கேலன் வித்தியாசம், கேலன் 3.25 டாலர்னா 700 டாலர். பெரிய வேனுக்கு அரசாங்க மைலேஜ் ஸ்டிக்கரும் கிடையாது, மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டு தாண்டினா விலக்கு. அதனால விற்கிறவங்க வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க. தானா பிரேக் பிடிக்கிறதெல்லாம் 2014 எக்ஸ்பிரஸ்ல கேட்கவே வேண்டாம்.

தச்சன்:
700 டாலர் கணக்கு சரிதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கில் வேலைக்குப் போகாமல் நின்ற நாளையும் சேர்க்கணும். 2015-17 டிரான்சிட்டில் மீடியம், லாங் வீல்பேஸ் வண்டிகளுக்கு டிரைவ்ஷாஃப்டில் இருக்கிற ரப்பர் கப்ளிங் வெடித்துப்போகிறது என்று ரீகால் (கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. இடைக்கால ஏற்பாடாக 30,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். பழைய டிரான்சிட் வாங்குகிறவர்கள் வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) போட்டு ரீகால் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, அந்த ரப்பரையும் குனிந்து பாருங்கள். விரிசல் கண்ணுக்கே தெரியும். எக்ஸ்பிரஸில் அந்த இடத்தில் இருப்பது சாதாரண யூ-ஜாயிண்ட், ரப்பர் இல்லாத இரும்பு இணைப்பு.

கூரைக்கு மறுபக்கமும் ஒன்று. உயரக் கூரை டிரான்சிட் வெளியே 9 அடிக்கு மேல். ஆஸ்பத்திரி, அபார்ட்மெண்ட் பார்க்கிங் கராஜ் எதிலும் நுழையாது. எக்ஸ்பிரஸ் 7 அடியை ஒட்டியே இருக்கும், ஏணி ரேக் போட்டால் அதற்கும் மேல். கராஜுக்குள் வேலை எடுக்கிறவர்கள் ரேக்கோடு சேர்த்து டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒஹாயோ_துரு:
டெக்சாஸ்காரர்கள் பேசுவதெல்லாம் பனியில் உப்புப் போடாத ஊருக்கு. எங்கள் பக்கம் என்ஜின் நல்லாவே இருக்கும், வண்டிதான் இருக்காது. டிரைவர் பக்கம் ஃபிரேமை ஒட்டிப் பின்னால் போகிற பிரேக் லைன்கள் எஃகு. கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் உப்புச் சேறு தங்கும், அங்கேதான் முதலில் ஊறும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் ஒரு லைன் மட்டும் இல்லை, எல்லாமே மாற்றவேண்டியதுதான்.

மாற்றும்போது நிக்கல்-காப்பர் குழாய் வாங்குங்கள், 3/16-ம் 1/4-ம். 25 அடிச் சுருளாக வரும், கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. பழைய நட்டுகளில் குழாய் முனையை விரித்திருக்கிற விதத்தை (ஃபிளேர்) பார்த்து அதே வகையில் அடியுங்கள். பபிள், டபுள் என்கிற இரண்டு ஃபிளேர் வகையும் மாறினால் முறுக்க முறுக்கக் கசியும். நடுவில் வெட்டி கம்ப்ரெஷன் ஃபிட்டிங் போட்டு ஒட்டுவது பிரேக்குக்கு ஆகவே ஆகாது. வேலை நடக்கும்போது ரிசர்வாயர் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். காலியானால் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று புகுந்துவிடும், அப்புறம் ஸ்கேன் டூல் இல்லாமல் பெடல் கெட்டியாகாது.

சின்ன விஷயங்கள்: பிளோயர் (ஏசி காற்று விசிறி) ஒரே வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் போயிருக்கும். கனெக்டரும் உருகியிருக்கும், வயரோடு சேர்த்து மாற்றுங்கள். மோட்டார் பேரிங் இறுகி அதிக ஆம்ப் இழுப்பதால் வருவது இது, மோட்டாரை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டும் போட்டால் மறுபடி உருகும். 2003-06 வண்டிகளில் ஸ்பீடாமீட்டர் முள் கோமாளித்தனம் செய்தால் மீட்டருக்குள் முள்ளைச் சுற்றுகிற ஸ்டெப்பர் மோட்டார் போயிருக்கும். சால்டரிங் தெரிந்தவர்களுக்கு ஒரு மாலை வேலை.

வயர்மேன்_ஹூஸ்டன்:
ஃபோர்டு ஈ-சீரிஸ் பற்றி யாருமே பேசவில்லையே?

ஸ்பேனர்செட்:
மூடிய வேன் 2014-ஓடு நின்றது. முன் பாதி மட்டும் கட்அவேயாக (பின்னால் உடம்பு இல்லாமல்) ஒஹாயோவின் ஏவன் லேக்கில் தொடர்கிறது. ஆம்புலன்ஸ், பெட்டி லாரி, ஆர்வி (வீடு மாதிரியான பயண வண்டி) எல்லாம் அதன்மேல்தான் கட்டுகிறார்கள். அதனால் முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பார்ட்டுக்குப் பஞ்சம் வராது. பழைய 5.4 லிட்டர் என்ஜின் எடுத்தால் ஒரு எச்சரிக்கை: 2000-ஐ ஒட்டிய வருஷங்களின் ஹெட்டில் பிளக் பிடிக்கிற மரை நாலு சுற்றுதான். பிளக் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே பறக்கும். கம்பிச்சுருள் இன்சர்ட் போடாதீர்கள், முழுக் குழாய் மாதிரியான இன்சர்ட் போடுங்கள்.

வயர்மேன்_ஹூஸ்டன்:
டிரெய்லர் இழுப்பதற்கு?

தச்சன்:
6.0 எக்ஸ்பிரஸ் 10,000 பவுண்டு வரை, டிரான்சிட் 7,000-ஐ ஒட்டி. ஆனால் எல்லா 6.0-க்கும் 10,000 கிடையாது, பின் ஆக்சில் விகிதம் தீர்மானிக்கும். ஜிஎம் ஒட்டியிருக்கிற குறியீட்டு ஸ்டிக்கரில் ஜிடி4 இருந்தால் 3.73, ஜியூ6 என்றால் 3.42. ஜி80 இருந்தால் லாக்கிங் டிஃபரென்ஷியல், சேற்றில் காப்பாற்றும்.

கடைசியாக என்ஜின் மணிக்கணக்கைக் கேளுங்கள். மைலை மணியால் வகுங்கள். 1,60,000 மைலுக்கு 6,500 மணி என்றால் சராசரி 25-ஐத் தொடும், பரவாயில்லை. 9,000 மணி என்றால் 18-க்கும் கீழே. அந்த வண்டி ஏசி போட்டு நின்றபடியே தேய்ந்த வண்டி, ஓடோமீட்டர் அதைக் காட்டாது. விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் அடுத்த தெருவில் இன்னொரு வெள்ளை எக்ஸ்பிரஸ் நிற்கும்.