மூன்று மாதக் குழந்தை ஊஞ்சலிலும் தூளியிலும்தான் தூங்குகிறாள். இரவு முழுக்க அப்படியே விடலாமா?

தாமிரபரணி:
பாப்பாவுக்கு மூன்று மாதம் முடிந்தது. நிறைமாதத்தில் பிறந்தவள், தாய்ப்பால் மட்டும்தான். பகலில் அத்தை சேலைத் தூளியில் போட்டு ஆட்டுகிறார். இரவில் பேட்டரி ஊஞ்சல். நாற்காலி மாதிரி சாய்ந்திருக்கும் வகை. அதில் மூன்று மணி நேரம்கூட அசையாமல் தூங்குவாள். கீழே படுக்கவைத்தால் ஐந்து நிமிடத்தில் அழுகை. ஊஞ்சலை ஓடவிட்டு நாங்களும் பக்கத்தில் தூங்கிவிடுகிறோம். பால் எதுக்களிப்பதால் தலை உயரமாக இருப்பது நல்லது என்கிறார்கள் வீட்டில். தலை உருண்டையாக வர கடுகுத் தலையணையும் வைக்கிறோம். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது?

வார்டு செவிலி:
தோழி, ஊஞ்சலில் இரவுத் தூக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

காரணம் இதுதான். இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கழுத்துத் தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. சாய்ந்த இருக்கையில் தூங்கும்போது தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும். மூச்சுக்குழாய் மெல்லியது, மடங்கினால் காற்று போகும் வழி குறுகிவிடும். பெரியவர்களுக்கு மூச்சு முட்டினால் திமிறி எழுந்துவிடுவோம். மூன்று மாதக் குழந்தையால் தலையைத் தூக்கிச் சரிசெய்துகொள்ள முடியாது, சத்தமும் வராது. பக்கத்தில் தூங்குபவருக்கு எதுவும் தெரியாமலே நடந்துவிடும். அசையாமல் தூங்குவதை நல்ல தூக்கத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், படுக்கை உறுதியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும், சாய்வு 10 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. உங்கள் செல்பேசியில் மட்டம் பார்க்கும் வசதி இருந்தால் ஊஞ்சல் இருக்கையில் வைத்துப் பாருங்கள், 10-ஐ எளிதாகத் தாண்டும். 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் ஸ்னூகா வகை ஊஞ்சல்கள் 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உள்ளாயின. 2012 முதல் 2022 வரை ஐந்து குழந்தைகள் அவற்றில் தூங்கும்போது இறந்திருந்தார்கள். தலைக்கு வைத்த மெத்தையையும் உடம்பைத் தாங்கும் மெத்தையையும் கழற்றி எறியச் சொன்னார்கள். ஊஞ்சலில் கூடுதலாகத் துணி, துண்டு, தலையணை எதையும் செருகக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

விழித்திருக்கும்போது, பெல்ட் எல்லாம் பூட்டி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் ஊஞ்சல் ஆடலாம். கண் சொருகினால் உடனே எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

எதுக்களிப்புக்கு வருகிறேன். மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. பால் மேலேறி வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போக அது மேல்நோக்கி ஏற வேண்டும், அதனால் குழந்தை விழுங்கிவிடும் அல்லது வெளியே கக்கிவிடும். குப்புறப் போட்டால் நிலைமை தலைகீழ். தலைப்பக்கத்தை உயர்த்துவதால் எதுக்களிப்பு குறைவதில்லை, குழந்தை சறுக்கிக் கீழே வந்து மடங்கிக்கொள்ளும் ஆபத்துதான் கூடும். பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து 15 நிமிடம் ஏப்பம் வரும்வரை வைத்திருந்து படுக்கவையுங்கள். பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வாந்தி வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கடுகுத் தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, தினமும் தலைமாட்டை மாற்றிப் படுக்கவையுங்கள். வெளிச்சம் வரும் பக்கம் திரும்புவாள். விழித்திருக்கையில் நீங்கள் பக்கத்தில் இருக்க, குப்புறப் போட்டுப் பழக்குங்கள். சில நிமிடங்களாகப் பிரித்து, ஒரு நாளில் மொத்தம் அரை மணி நேரம் வந்தால் போதும்.

தச்சுப்பட்டறை:
தூளியைப் பற்றிக் கொஞ்சம். தூளியிலும் முதுகு வில்லாக வளையும், தாடை நெஞ்சுக்கு வரும். கூடவே துணி இரு பக்கமும் மூடி முகத்தில் ஒட்டும். செவிலி சொன்னது தூளிக்கும் பொருந்தும். இரவில் வேண்டாம், பகலில் கண்ணெதிரே ஆட்டித் தூங்கவைத்து எடுத்துவிட வேண்டும்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் பார்க்க வேண்டியவை உண்டு. சேலை பருத்தியாக இருக்கட்டும். பட்டும் நைலானும் முடிச்சில் நழுவும். பழைய சேலை முடிச்சு விழும் இடத்தில்தான் இற்றுப்போகும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நூல் பிரிந்திருப்பது தெரியும். துணி வாய் மூடாமலிருக்கத் தொட்டில் கம்பை அவசியம் செருகுங்கள், அது நழுவிக் குழந்தைமேல் விழாதபடி இரு முனையிலும் கட்டுங்கள். ஸ்பிரிங் போட்டிருந்தால் அதற்கு இணையாக ஒரு உறுதியான கயிற்றை, முழுதாக இழுபட்ட ஸ்பிரிங்கைவிடச் சற்று நீளமாக, கொக்கியிலிருந்து சேலை முடிச்சு வரை கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் அறுந்தால் தூளியைக் கயிறு பிடித்துக்கொள்ளும். கொக்கியின் வாய் விரிந்திருந்தாலும், ஸ்பிரிங்கின் சுருள்கள் ஓய்வில் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். தரையிலிருந்து ஒரு அடி உயரம் போதும், கீழே பாயும் ஜமுக்காளமும் விரித்துவையுங்கள். வீட்டில் மூத்த பிள்ளைகள் இருந்தால் ஆள் இல்லாத நேரத்தில் தூளியைத் தூக்கி மேலே முடிந்துவையுங்கள். அதில் சுழன்று விளையாடும்போது கழுத்தில் துணி இறுகிவிடும்.

கொடிமல்லி:
நம் ஊரில் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள்தானே? இவ்வளவு பயம் தேவையா?

வார்டு செவிலி:
கொடிமல்லி அக்கா, அன்று தூளிக் கயிறு ஒருவர் கையில் இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர் கண் குழந்தைமேல் இருந்தது. மோட்டார் வந்த பிறகு ஆட்டம் நிற்காமல் ஓடுகிறது, பார்க்கும் ஆள் தூங்கப் போய்விடுகிறார். இன்னொன்று, தூக்கத்தில் நடக்கும் திடீர் மரணங்கள் அதிகம் ஒன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள்தான், பாப்பாவின் வயதும் அதுவே. அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி இயக்கம் தொடங்கிய பிறகு அந்த மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. படுக்கும் விதம் மட்டும் மாறியதற்கே அவ்வளவு பலன் கிடைத்தது.

நெல்லைக்காரி:
மாற்றும் வழியைச் சொல்கிறேன். முதலில் இடம். பாயில் மெல்லிய, கெட்டியான பருத்தி விரிப்பு, அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய துணி. இலவம்பஞ்சு மெத்தை அமுங்கும், வேண்டாம். உங்கள் கை எட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில். போர்வை, பொம்மை, தலைக்குத் தொப்பி எதுவும் வேண்டாம். நம் வெயிலுக்கு ஒரு பருத்திச் சட்டை போதும், மின்விசிறி ஓடட்டும். பிடரியில் கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடை அதிகம்.

இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் களைப்பு அதிகம். பகல் தூக்கங்களைப் பழக்குவது கடைசியில். தூளியிலோ மடியிலோ ஆட்டலாம், ஆனால் நாளுக்கு நாள் வேகத்தைக் குறையுங்கள்; பிறகு தூங்கியதும் ஆட்டத்தை நிறுத்துங்கள்; பிறகு கண் சொருகும்போதே நிறுத்துங்கள். ஒரு படி பழக மூன்று நான்கு நாள் எடுக்கும். இந்தக் கட்டத்தில் தூளிக்கு அருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

கீழே வைத்ததும் அவள் விழிக்கக் காரணம், இந்த வயதில் தூக்கம் லேசான நிலையில்தான் தொடங்கும். இமை துடிக்கும், உதடு அசையும். தூளியில் தூங்கிவிட்டால் ஆழ்ந்த தூக்கம் வரட்டும் என்று காத்திருக்காமல் கையில் எடுத்துவிடுங்கள். கையில் சுமார் 20 நிமிடம் ஆன பிறகு, கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் படுக்கவையுங்கள். முதலில் பாதம், பிறகு புட்டம், முதுகு, கடைசியில் தலை. தலையை முதலில் வைத்தால் கீழே விழுவதுபோல் தோன்றிக் கைகளை விரித்து விழித்துக்கொள்வாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். முனகினால் உடனே தூக்காமல் தட்டிக்கொடுங்கள், அழுதால் தூக்குங்கள்.

தாமிரபரணி:
மிக்க நன்றி. ஊஞ்சலின் பேட்டரியைக் கழற்றிவிட்டோம், தலையணையும் எடுத்தாயிற்று. ஒரே சந்தேகம், கைகளைச் சேர்த்துத் துணியில் சுற்றிப் படுக்கவைத்தால் திடுக்கிடுவது குறையுமா?

வார்டு செவிலி:
குறையும். ஆனால் மூன்று மாதம் முடிந்த பிறகு புதிதாகத் தொடங்காதீர்கள். புரளும் அறிகுறி எந்த நாளும் வரலாம். கை கட்டுண்ட நிலையில் குப்புறத் திரும்பினால் முகத்தைத் தூக்க முடியாது. தாலாட்டைச் சன்னமாகப் பாடுங்கள், செல்பேசியில் ஒலி போட்டால் ஏழு அடி தள்ளி, குறைந்த சத்தத்தில். அவள் தானாக இரு பக்கமும் புரளப் பழகிய பிறகு, மல்லாக்கப் படுக்கவைத்தால் போதும், தூக்கத்தில் திரும்பினால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அதற்குள் தூளியை அவிழ்த்து மடித்துவைத்துவிட வேண்டும். புரளத் தெரிந்த குழந்தை அதன் விளிம்பைத் தாண்டிவிடும்.