வீட்டுக் கடன் வட்டிக்கு வரி விலக்கு மறுக்கப்பட்டுள்ளது: அவசர உதவி தேவை

பாகாயம்_வாசி:
அனைவருக்கும் வணக்கம். நான் ராணிப்பேட்டையில் ஒரு காலணி ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வேலூர் பாகாயத்தில் சொந்த வீட்டுக்காக வங்கியில் கடன் வாங்கி, மாதத் தவணையைத் தவறாமல் கட்டி வருகிறேன். இந்த 2025-26 நிதியாண்டுக்கான வட்டி மட்டும் 2,60,000 ரூபாய் என்று வங்கி சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதை அலுவலகக் கணக்குப் பிரிவில் கொடுத்தபோது ஏற்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். ஜனவரிச் சம்பளத்தில் வழக்கத்தைவிட மூன்று மடங்கு வரி பிடித்திருக்கிறார்கள். சொந்த வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம், அசலில் 1.5 லட்சம், முதல் வீடு என்பதற்காக மேலும் 1.5 லட்சம், ஆக 5 லட்சம் வரை அரசு விலக்கு தருகிறது என்று உடன் பணிபுரிபவர் உறுதியாகச் சொல்கிறார். இதை எப்படிப் பெறுவது? மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் விரைந்து பதில் தாருங்கள்.

காட்பாடி_மேம்பாலம்:
நண்பரே, சில விவரங்கள் இல்லாமல் இதற்கு யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலகத்துக்குக் கழிவுகள் உள்ள பழைய வரி முறையைத் தெரிவித்தீர்களா, பெரும்பாலான கழிவுகள் இல்லாமல் வரி விகிதம் குறைந்த புதிய முறையையா? வீடு கட்டி முடிந்து குடியேறிவிட்டீர்களா? கடன் எந்த மாதம் அனுமதிக்கப்பட்டது? வருங்கால வைப்பு நிதியிலும் காப்பீட்டிலும் ஆண்டுக்கு எவ்வளவு போகிறது?

ஆற்காட்டு_அன்பன்:
இதற்கு இவ்வளவு கேள்விகள் தேவையில்லை. உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. 80இஇஏ என்ற பிரிவின்படி முதல் வீடு வாங்குபவருக்கு வீட்டுக் கடன் வட்டிக்கான 24(பி) பிரிவின் 2 லட்சத்துக்கு மேல் 1.5 லட்சம் கூடுதலாக உண்டு. ஆற்காட்டில் நான் 2021ஆம் ஆண்டு வீடு வாங்கியது முதல் இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் இதைப் பெற்று வருகிறேன். கணக்குப் பிரிவினருக்கு இந்தப் பிரிவே தெரிந்திருக்காது. பிரிவின் நகலை எடுத்துக் காட்டுங்கள்.

செதுவாலை_ஏரி:
பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று எழுதவில்லையே, ஐயா. மனைவியும் சம்பாதிப்பவராக இருந்தால், இருவரும் கூட்டு உரிமையாளராகவும் கூட்டுக் கடன்தாரராகவும் இருக்கும்போது, பழைய முறையில் ஒவ்வொருவரும் தத்தம் பங்குக்கு ஏற்ப 2 லட்சம் வரை வட்டிக் கழிவு கோரலாம். நீங்கள் கட்டும் 2,60,000 வட்டியும் முழுமையாகக் கணக்கில் வந்துவிடும்.

வாலாஜா_வரிக்கணக்கு:
இந்தக் குழுவில் இதே கேள்வி ஆண்டுதோறும் ஜனவரி, பிப்ரவரியில் வந்துகொண்டே இருக்கிறது. லட்சக்கணக்கில் கடன் வாங்குகிறவர்கள் கையெழுத்திடும் முன்பு சட்டத்தின் இரண்டு பக்கங்களையாவது படித்திருக்க வேண்டும். 'சொந்த வீட்டுக்காகக் கடன்' என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, வீடு இருக்கிறதா, வெறும் மனைதானா என்று எழுதவில்லை. கட்டடம் முடியாதவரை 24(பி) பிரிவில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. இது அடிப்படை. நீங்கள் விவரம் தரும்வரை மற்றவர்கள் ஊகிப்பதில் பயனில்லை.

பாகாயம்_வாசி:
தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையைத்தான் தெரிவித்திருந்தேன். கடன் அனுமதி 2024 ஜூன். வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், மேல்தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை நடக்கிறது, ஆவணி மாதத்தில் குடிபுக எண்ணம். மனை என் பெயரில் மட்டும். மனைவி செவிலியர், கடனில் அவரும் கையெழுத்திட்டிருக்கிறார். ஆண்டுச் சம்பளம் 14 லட்சம். வைப்பு நிதியும் ஆயுள் காப்பீடும் சேர்ந்து 1.5 லட்சத்தைத் தொட்டுவிடும். சென்ற ஆண்டு வட்டி 1,40,000.

வாலாஜா_வரிக்கணக்கு:
இந்த விவரங்களை முதலிலேயே தந்திருக்க வேண்டும். மூன்று வாயில்களும் அடைபட்டிருக்கின்றன. வீடு முடியாததால் வட்டிக்கு இந்த ஆண்டு கழிவு இல்லை. கடன் அசல், வைப்பு நிதி, காப்பீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 80சி பிரிவு தரும் 1.5 லட்சம் உச்சவரம்பை உங்கள் வைப்பு நிதியும் காப்பீடுமே நிரப்பிவிட்டதால், வீடு முடிந்திருந்தாலும் அதில் புதிதாக எதுவும் கிடைத்திருக்காது. 80இஇஏ பிரிவு 2019 ஏப்ரல் 1 முதல் 2022 மார்ச் 31 வரை அனுமதிக்கப்பட்ட கடன்களுக்கு மட்டுமே. வீட்டின் முத்திரைத் தீர்வை மதிப்பும் 45 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கடன் 2024ஆம் ஆண்டு அனுமதிக்கப்பட்டது. ஆற்காட்டு நண்பரின் கடன் அந்தக் காலத்துக்குள் அமைந்ததால் அவருக்குக் கிடைக்கிறது. அவருக்குக் கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கும் என்று எழுதுவது பொறுப்பற்ற செயல்.

ஆற்காட்டு_அன்பன்:
பொறுப்பற்ற செயல் என்பது கடுமையான சொல். உதவும் எண்ணத்தோடுதான் எழுதினேன். முதல் வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு 2022ஆம் ஆண்டு வரை கொடுத்த சலுகையை அதன் பிறகு ஏன் நீட்டிக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது என்றே இப்போதும் கருதுகிறேன்.

செதுவாலை_ஏரி:
கடனில் மனைவி கையெழுத்திட்டிருப்பதால் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் பாதியை அவர் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் அவரும் உரிமையாளராகிவிடுவார். பெண்கள் பெயரில் பதிவு செய்தால் தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வாலாஜா_வரிக்கணக்கு:
அம்மா, இரண்டு செய்திகளைக் கலந்துவிட்டீர்கள். அந்த 1 சதவீதக் குறைப்பு 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளுக்கு மட்டும் உரியது. அடுத்து, போதிய பிரதிபலன் இல்லாமல் மனைவிக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால், வருமான வரிச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கணவரையே உரிமையாளராகக் கருதும். பத்திரத்தில் பெயர் மாறும். வரிக் கணக்கில் மாறாது.

செதுவாலை_ஏரி:
அப்படியானால் மனைவி தம் சொந்தச் சம்பளத்திலிருந்து உரிய விலை கொடுத்துப் பாதியை வாங்கலாமே, அதைச் சட்டம் தடுக்கவில்லை. செவிலியராகப் பணி பார்த்து, கடனிலும் கையெழுத்திட்டிருக்கிற பெண்ணுக்குப் பத்திரத்தில் பெயர் இல்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. வரிச் சலுகை கிடைக்காவிட்டாலும் அவர் பெயர் அதில் இருக்க வேண்டும்.

வாலாஜா_வரிக்கணக்கு:
வாங்கலாம். அப்போது அது முழுக் கிரயம். முத்திரைத் தீர்வையும் கூடுதல் வரியுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் செலவாகும். பாதிப் பங்கின் மதிப்பு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 1,80,000 ரூபாய். மிச்சமாகும் வரியைவிட அது மிகுதி. உரிமை பற்றிய உங்கள் கருத்தை மறுக்கவில்லை. ஆனால் அதை மனை வாங்கும் நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

செதுவாலை_ஏரி:
மனை வாங்கும் நாளில் யார் அதைப் பெண்களிடம் கேட்கிறார்கள்? பதிவு அலுவலகத்துக்கு வந்து புகைப்படத்துக்கு நிற்கச் சொல்லும்போதுதான் பல பெண்களுக்குச் சொத்தின் அளவே தெரிய வருகிறது. இதைப் படிக்கும் பிறராவது கிரயப் பத்திரம் எழுதும் முன்பே இருவர் பெயரையும் சேருங்கள்.

குடியாத்தம்_தறி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பி குடியாத்தம் நகராட்சிப் பகுதியில் 28 லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 5 லட்சம். அவர் வருமான வரியே கட்டுவதில்லை. அவருக்கு இந்தச் சலுகைகளில் ஏதாவது உண்டா?

காட்பாடி_மேம்பாலம்:
வரி கட்டாதவருக்கு வரிக் கழிவால் பயனில்லை. ஆனால் வட்டி மானியம் உண்டு. நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0 என்பதைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 9 லட்சம் வரையுள்ள குடும்பம், 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு, 25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். நாட்டில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் உறுதியான கட்டட வீடு இருக்கக் கூடாது.

இப்போது பாகாயம் நண்பருக்கு வருகிறேன். எல்லோரும் விலக்கை எப்படிப் பெறுவது என்று வாதாடுகிறோமே தவிர, எந்த முறையில் வரி குறைவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. தொழில் வரியை விட்டுவிட்டு நான் போட்டுப் பார்த்தேன்.

இன்றைய நிலையில், பழைய முறையில் 14 லட்சத்தில் நிலைக் கழிவு (சம்பளதாரர் எல்லோருக்கும் உரிய கழிவு) 50,000, 80சி 1.5 லட்சம் போக 12 லட்சத்துக்கு வரி 1,72,500. 4 சதவீத மேல்வரியோடு (செஸ்) 1,79,400 ரூபாய். அலுவலகம் பிடிப்பது இந்தத் தொகைக்குத்தான். வீடு முடிந்து வட்டிக் கழிவு 2 லட்சம் முழுமையாகக் கிடைத்திருந்தால்கூட 1,17,000 கட்ட வேண்டியிருக்கும். புதிய முறையிலோ நிலைக் கழிவு 75,000 போக 13,25,000 ரூபாய்க்கு வரி 78,750, மேல்வரியோடு 81,900. அதாவது எந்த வீட்டுச் சலுகையும் இல்லாத புதிய முறையே, முழுச் சலுகையும் கிடைக்கும் பழைய முறையைவிட உங்களுக்கு 35,100 ரூபாய் குறைவு. வட்டிக் கழிவுக்கு மேல் வீட்டு வாடகைப்படி விலக்கு, மருத்துவக் காப்பீடு என்று இன்னும் 1,68,750 ரூபாய்க்குமேல் கழிக்க இடமிருந்தால்தான் பழைய முறை இலாபம்.

தொழில் வருமானம் இல்லாத சம்பளதாரர் ஒவ்வோர் ஆண்டும் கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். அலுவலகத்தில் சொன்னது அதைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அலுவலகம் 1,79,400 பிடித்திருந்தாலும், புதிய முறையில் தாக்கல் செய்தால் 97,500 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். மார்ச் மாத அவசரம் உங்களுக்கு இல்லவே இல்லை.

வாலாஜா_வரிக்கணக்கு:
கணக்கு சரியாக இருக்கிறது. ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டுமானக் காலத்து வட்டியைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. வீடு 2026 ஆவணியில் முடிந்தால், 2026 மார்ச் 31 வரையிலான வட்டி, அதாவது 1,40,000 உடன் 2,60,000 சேர்ந்து 4 லட்சம், ஐந்து சம பாகமாக ஆண்டுக்கு 80,000 வீதம் கழிவுக்கு வரும். ஆனால் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு மொத்த உச்சவரம்பே 2 லட்சம் என்பதால், நடப்பு வட்டியே அதைத் தாண்டும் உங்களுக்கு இந்த 80,000 பயன்படாது. 2026 ஏப்ரல் முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள், உங்கள் கடனுக்கு 2030 மார்ச் 31க்குள், வீட்டை முடித்துவிடுங்கள். தவறினால் 2 லட்சம் வரம்பு 30,000 ஆகச் சுருங்கும்.

தொரப்பாடி_மாடிவீடு:
மாடியை வாடகைக்கு விடும் எண்ணம் உண்டா? பாகாயம் என்றால் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குச் சிகிச்சைக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் வீடு தேடுவார்கள். தனி வாசலும் தனிச் சமையலறையும் கொண்ட தனிப் பகுதியாக இருந்தால், அந்தப் பகுதிக்குரிய வட்டியைப் புதிய முறையிலும் வாடகையில் கழிக்கலாம்; அதற்கு 2 லட்சம் வரம்பும் இல்லை. வாடகையில் சொத்து வரி போக 30 சதவீதம் பராமரிப்புக்காகத் தானாகவே கழியும். மாதம் 15,000 வந்தால் ஆண்டுக்கு 1,80,000. அதில் 30 சதவீதம் போக 1,26,000. பாதி வட்டி 1,30,000. கட்டுமானக் கால வட்டியின் பங்கு 40,000. வாடகைக்கு வரியே வராது. மீதமாகும் நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கப் புதிய முறை அனுமதிக்காது. நாள் வாடகைக்குச் சாப்பாட்டோடும் பணியாளோடும் விட்டால் அது தொழில் வருமானமாகிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

பாகாயம்_வாசி:
அனைவருக்கும் நன்றி. ஆண்டு நடுவில் முறையை மாற்றித் தர இயலாது என்று கணக்குப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். ஜூலைக்குள் புதிய முறையில் தாக்கல் செய்கிறேன். மாடிக்குத் தனிப் படிக்கட்டு வைக்க மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன்.

குடியாத்தம்_தறி:
மேம்பாலம் ஐயாவுக்கு நன்றி. அப்பா பெயரில் ஊரில் ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. தம்பி திருமணமாகித் தனிக் குடித்தனம் இருக்கிறார். அந்த வீடு அவருடைய விண்ணப்பத்துக்குத் தடையாகுமா?