ஹெபடைட்டிஸ் பி: ஆன்டிபாடி 10-க்குக் கீழே போனால் பூஸ்டர் தேவையா?

கேள்வி: கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸுக்கான தடுப்பூசியை 3 டோஸும் போட்டவருக்குப் பல வருடம் கழித்து ஆன்டிபாடி டைட்டர் (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி அளவு) 4 mIU/mL வருகிறது. இன்னொரு ஊசி போட வேண்டுமா?

கொன்றை: கண்டிப்பாக. பாதுகாப்புக்கான வரம்பே 10 தான். ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லாவிட்டால் வைரஸை யார் மறிப்பது?

நிலவன்: தேவையில்லை. ரத்தத்தில் இருக்கும் முக்கிய ஆன்டிபாடி வகையான ஐஜிஜி-யின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 3 வாரம். ஊசி போட்ட காலத்தில் உருவானது எதுவும் இன்று மிச்சமிருக்காது. டெஸ்டில் வருவதெல்லாம் எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள் அன்றாடம் சுரப்பது. அவை குறைந்தால் எண்ணும் இறங்கும். கிருமியை நினைவில் வைத்துக் காத்திருக்கும் நினைவு பி செல்கள் வேறு, அவற்றை இந்த டெஸ்ட் எண்ணுவதே இல்லை. வைரஸின் மேலுறைப் புரதம் மாட்டியதும் நினைவு பி செல் அதை விழுங்கித் துண்டாக்கி, மற்ற எதிர்ப்பு செல்களைத் தூண்டும் உதவி டி செல்லிடம் காட்டும். அது சைகை கொடுத்ததும் பெருகி, சில நாட்களிலேயே ஆன்டிபாடியைக் கொட்டும். இந்த வைரஸ் நோயாக வெளிப்பட 60 முதல் 150 நாள் ஆகும். அதற்குள் படை தயாராகிவிடும்.

கொன்றை: அப்படியானால் டெட்டனஸுக்கு மட்டும் ஏன் 10 வருடத்துக்கு ஒரு பூஸ்டர்? அங்கேயும் நினைவு செல் இருக்கிறதே.

நிலவன்: அங்கே கொல்வது கிருமி அல்ல, அதன் நச்சு. நோயை உண்டாக்கும் அளவு நச்சுகூட நினைவு செல்லை எழுப்பப் போதாது. நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ஆன்டிபாடியால் தொடவும் முடியாது. டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் ஊசி போடுவது இதனால்தான். அந்த நோய்க்கு ஆன்டிபாடி முன்கூட்டியே காவலுக்கு நிற்க வேண்டும். இன்ஃப்ளூயன்சாவும் 1 முதல் 4 நாளில் தாக்கிவிடும், நினைவு செல் எழுவதற்குள் காய்ச்சல் வந்துவிடும்.

மருதம்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்த 4, முன்பு 10-ஐத் தாண்டி இறங்கியதா, தாண்டவே இல்லையா? மூன்றாம் டோஸுக்குப் பின் 1–2 மாதத்தில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த ரிப்போர்ட் இல்லையென்றால், குறிப்பாக மருத்துவப் பணியாளர் என்றால், ஒரு டோஸ் போட்டு 1–2 மாதத்தில் மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டினால் போதும். தாண்டாவிட்டால் இன்னும் 2 டோஸ் போட்டு இரண்டாவது சுற்றை முடித்துப் பாருங்கள். அப்போதும் ஏறாதவர் உடலில் நினைவு செல்லை நம்ப முடியாது. அவருக்கு ஊசி குத்துக்காயம் பட்டால் இம்யூனோகுளோபுலின் (தயார் நிலை ஆன்டிபாடி ஊசி)தான் வழி.

கொன்றை: டயாலிசிஸ் நோயாளிக்கு?

மருதம்: அங்கே நீங்கள் சொன்னதுதான் சரி. வருடம் ஒருமுறை டெஸ்ட், 10-க்குக் கீழே என்றால் பூஸ்டர்.

கொன்றை: சரி. ஆனால் நிலவன், டைட்டர் இறங்கியவருக்குத் தொற்றே வராது என்று எழுதாதீர்கள். ஊசி போட்ட சிலருக்குக்கூட கோர் ஆன்டிபாடி (வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரானது, தடுப்பூசியால் உருவாகாதது) பாசிட்டிவ் வருகிறது. வைரஸ் உள்ளே வந்து போனதற்கு அதுதான் தடயம்.

நிலவன்: ஒப்புக்கொள்கிறேன். நினைவு செல் வாசலில் மறிப்பதில்லை. கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கவிடாமல் துரத்துகிறது.